காப்பி இலைக்கும் நாடித்துடிப்பு காட்டும் காதுக் கிளிப்: கோளாறு கருவியிலா, செயலியிலா?

கேள்வி: நாகலூர்க் கணக்கர் (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். நான் சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 48. சென்ற ஆண்டு அம்மா தவறிய பிறகு உறக்கம் கெட்டு, நெஞ்சுப் படபடப்பும் அடிக்கடி வரத் தொடங்கியது. சேலத்தில் பார்த்த மருத்துவர் இ.சி.ஜி., தைராய்டு, இரத்தசோகை ஆகிய சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு, மெதுவாக மூச்சு விடும் பயிற்சியைத் தினமும் செய்யுமாறு சொன்னார். அளந்து பார்த்துக்கொண்டே செய்தால் பிடிப்பு வரும் என்று எண்ணி, காது மடலில் மாட்டும் இதயத்துடிப்பு பயோஃபீட்பேக் கருவி (துடிப்பை உடனுக்குடன் செயலியில் காட்டிப் பயிற்சிக்கு உதவுவது) ஒன்றை 14,000 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கினேன். நான்கு மாதங்கள் ஆகின்றன. படபடப்பு குறைந்ததோ இல்லையோ, கருவியால் வரும் எரிச்சல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

விடியற்காலை 5.30 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கிளிப்பை மாட்டினால், முதல் இரண்டு நிமிடங்கள் 68, 70 என்று ஓடிக்கொண்டிருக்கும் எண் திடீரென்று 134 ஆகிறது. சற்று நேரத்தில் 34 ஆகிறது. பிறகு இணைப்பே அறுந்து, செயலி மறுபடியும் கருவியைத் தேடத் தொடங்குகிறது. இவ்வளவு குளறுபடிக்குப் பின்னும் பயிற்சி முடிந்தவுடன் ஒரு மதிப்பெண்ணை அது தயங்காமல் கொடுத்துவிடுகிறது. செயலியைத் திறக்க ஒவ்வொரு முறையும் கணக்கில் நுழைய வேண்டும் என்பதால், மழைக்காலத்தில் மின்சாரம் போய் அலைபேசிக் கோபுரமும் அடங்கிவிட்ட நாளில், கருவி கையில் இருந்தும் பயன் இல்லை. சென்ற மாத அப்டேட்டுக்குப் பிறகு என் இருப்பிடத்தை வேறு கேட்கிறது. மூச்சு விடுவதற்கும் நான் எங்கே இருக்கிறேன் என்பதற்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. சேலம் அம்மாப்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கும் நாள்களில் இதே கருவி பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிறது. இதை வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியபோது, உயரமான இடங்களில் அளவு மாறலாம் என்று பதில் வந்தது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; இமயமலையில் இல்லை.

கடைசியில் ஒரு நாள் கோபத்தில், திண்ணையை ஒட்டி நிற்கும் காப்பிச் செடியின் இலையில் கிளிப்பை மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்கு நிமிடத்துக்கு 71 துடிப்பு. அன்று காலை எனக்குக் கிடைத்த மதிப்பெண் 61. இலைக்குக் கிடைத்தது 74.

கோளாறு கருவியிலா, செயலியிலா, என்னிடமா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மார்பில் கட்டும் பட்டைக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா? பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஃபேர்லேண்ட்ஸ் பழுதுநீக்குநர்

வணக்கம் அம்மா. மருத்துவமனைகளில் மானிட்டர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போன்றவற்றைப் பழுது பார்ப்பதில் 22 ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் கடிதத்திலேயே விடையில் பாதி இருக்கிறது: சேலத்தில் வேலை செய்கிறது, மலையில் செய்வதில்லை. உயரத்தைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. குளிர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

காதுக் கிளிப் இதயத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து அகச்சிவப்பு ஒளியை மடலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மடலில் இரத்தம் சற்றுக் கூடுவதால், வந்து சேரும் ஒளி மிகச் சிறிதளவு குறைகிறது. மீதி ஒளி முழுவதும் தோல், கொழுப்பு, அசையாத இரத்தம் ஆகியவற்றின் கதையைச் சொல்வது. துடிப்பின் கதை அதில் ஒரு கீற்றுதான். மார்கழிக் குளிரில் திண்ணையில் உட்கார்ந்தால், உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளக் காதுக்கும் விரலுக்கும் போகும் நாளங்களைச் சுருக்கிவிடும்; அந்தக் கீற்றும் மங்கிவிடும். உடனே கருவி தன் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். துடிப்போடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும். காப்பி இலை காற்றில் விநாடிக்கு ஒரு முறை அசைந்திருந்தால், அந்த அசைவே நாடித்துடிப்பு ஆகிவிடும். ஆகவே இலைக்கு 71 வந்ததில் எனக்கு வியப்பில்லை. அதற்கு மதிப்பெண் போட்டதுதான் மன்னிக்க முடியாதது. அலையின் வடிவம் துடிப்பைப் போல இருக்கிறதா என்று சோதிக்கும் கணக்கு மருத்துவமனைக் கருவிகளில் பல காலமாக உண்டு. ஐயம் வந்தால் அவை எண்ணைக் காட்டாமல் கோடு போட்டு நிற்கும். தங்கள் செயலிக்கு 'தெரியவில்லை' என்று சொல்லும் நாணயம் இல்லை.

134, 34 ஆகிய எண்களுக்கும் காரணம் உண்டு. நாடி அலையில் பெரிய மேடு ஒன்றும், அதன் இறக்கத்தில் சிறு மேடு ஒன்றும் இருக்கும். சிறு மேட்டையும் துடிப்பாக எண்ணினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மங்கிய அலையில் ஒன்று விட்டு ஒன்றைத் தவறவிட்டால் பாதியாகும். 68-இன் இரு மடங்கையும் பாதியையும் தாங்களே கணக்கிட்டுப் பாருங்கள், கணக்கர் அல்லவா.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத தவறு. இத்தகைய பயிற்சிகளில் அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதே அளவு. நிமிடத்துக்கு 68 துடிப்பு என்றால் இடைவெளி ஏறத்தாழ 882 மில்லி விநாடி. அந்த மாற்றத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற அளவு தங்களுக்கு 30 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடப் பதிவில் ஒரே ஒரு துடிப்பைக் கருவி தவறவிட்டால், அந்த இடைவெளி 1,764 ஆகிவிடும். வேறெதுவும் மாறாமலேயே 30 என்பது 150-ஐத் தாண்டும். மாறுபாடு கூடினால் மனம் அமைதி அடைந்துவிட்டது என்று மதிப்பெண் போடும் செயலியில், சிக்னல் கெடக் கெட மதிப்பெண் ஏறும். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையிலேயே, குறுகிய பதிவு 5 நிமிடம் இருக்க வேண்டும், தவறான துடிப்புகளைக் களைய வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் விற்பவர்கள் அதை மதிக்கவில்லை என்றால், விலையை மட்டும் நவீனமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

செய்து பார்க்க வேண்டியவை: திண்ணையை விட்டு வீட்டுக்குள் வாருங்கள். மடலை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிய பின் மாட்டுங்கள். தோடு போடும் துளையின் மேல் கிளிப்பின் விளக்கு விழக் கூடாது. ஜிமிக்கி போட்டுத் துளை நீண்டிருந்தால் ஒளி இரத்தத்தைத் தொடாமலேயே மறுபக்கம் போய்விடும். கம்பியைக் கழுத்தருகே துணியோடு சேர்த்து ஒட்டிவிட்டால் தலை அசையும்போது கிளிப் இழுபடாது. முக்கியமாக, கருவி 34 என்று காட்டும் நேரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நாடி பிடித்துப் பார்ப்பதற்கு நம் ஊரில் புளூடூத் என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

மறுமொழி 2: கொண்டலாம்பட்டி விசைத்தறி

எனக்கும் இதே அலைச்சல் இருந்தது. முதலில் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வைத்து மூச்சுப் பயிற்சி செய்தேன்; எண் ஆடாமல் அசையாமல் 74 என்றே நிற்கும். தறிக்கூடத்தில் நடந்துகொண்டே பார்த்தால் 110 காட்டும். அது என் நடையின் எண்ணிக்கை என்று பிறகுதான் தெரிந்தது. காதுக் கிளிப்பும் வாங்கினேன். தறி ஓடும்போது பலகையே அதிர்வதால் அது பயன்படவில்லை.

இப்போது இரண்டு ஆண்டுகளாகப் போலார் எச்10 மார்புப் பட்டைதான். இது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால், காது குளிர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அதற்கும் தனிப் பிடிவாதங்கள் உண்டு: மின்முனைகள் இருக்கும் பகுதியைத் தண்ணீரில் நனைக்காமல் கட்டினால் முதல் ஐந்து நிமிடங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சேலத்து வெயிலில் வியர்வையே போதும். மலையில் நனைத்துத்தான் கட்ட வேண்டும். பயன்படுத்திய பின் பட்டையை அலசாமல் விட்டால் உப்புப் படிந்து சில மாதங்களில் கெட்டுவிடும். முதல் பட்டையை அப்படித்தான் நான் கெடுத்தேன்.

மறுமொழி 3: சூரமங்கலம் நிரலாளர்

மேலே இருவரும் சிக்னலைப் பற்றிச் சொல்லிவிட்டதால், செயலிப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். கைக்கடிகாரத்தில் எண் ஏன் அசையவில்லை என்பதற்கு விளக்கம் எளிது. இதயத்துடிப்பு பயோஃபீட்பேக்கை ஆராய்ந்த பால் லேரர், எவ்கெனி வாஷில்லோ ஆகியோரின் ஆய்வுகளின்படி, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 மூச்சு வரையிலான ஏதோ ஒரு வேகத்தில் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் உச்சத்தை அடைகிறது. 6 மூச்சு என்று கொண்டால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி: உள்ளிழுக்கும்போது துடிப்பு ஏறும், வெளிவிடும்போது இறங்கும். 10 விநாடிச் சராசரியைக் காட்டும் கருவியில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட, நாம் பார்க்க வேண்டிய அலையே மறைந்துபோகும். ஓடுபவருக்கு அது வசதி. மூச்சுப் பயிற்சிக்கு அது குருட்டுக் கண்ணாடி.

இருப்பிட அனுமதிக்கு வருவோம். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி வேண்டும் என்பது இயங்குதளத்தின் விதி. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. தங்கள் அலைபேசி பழையதென்றால் செயலியைக் குறை சொல்ல முடியாது. புதியதென்றால் தாராளமாகச் சொல்லலாம். இணைப்பு நடுவில் அறுவதற்கு, திரை அணைந்தவுடன் செயலியை உறங்க வைக்கும் பேட்டரிச் சிக்கன அமைப்பும் காரணமாக இருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்கிப் பாருங்கள். கருவியில் இருப்பது சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி என்றால் புதிதாக ஒன்றை மாற்றிப் பாருங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சுப் பூசிய பேட்டரிகள் சில கருவிகளில் சரியாகத் தொடுவதில்லை.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. புளூடூத் கருவிகள் அனுப்புவதை அப்படியே காட்டும் என்.ஆர்.எஃப். கனெக்ட் என்ற இலவசச் செயலியை நிறுவிக் கருவியோடு இணையுங்கள். அதற்கு முன் பழைய செயலியை முழுவதும் மூடிவிட வேண்டும், ஏனெனில் பல கருவிகள் ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் ஏற்கும். புளூடூத் அமைப்பு 2011-இல் வகுத்த பொதுவான இதயத்துடிப்புச் சேவையை (எந்தச் செயலியும் படிக்கக்கூடிய தரவு முறையை)த் தங்கள் கருவி பின்பற்றினால், அதில் துடிப்பும், சில கருவிகளில் ஒவ்வொரு இடைவெளியும் நேரடியாகத் தெரியும். எண்கள் அங்கே ஒழுங்காக வந்து செயலியில் மட்டும் குழம்பினால் குற்றம் செயலியுடையது. அந்தச் சேவையே தெரியவில்லை என்றால், நிறுவனம் தன் பாஷையில் மட்டும் பேசும் கருவியை விற்றிருக்கிறது; வேறெந்தச் செயலியும் அதோடு பேச முடியாது. அந்த நிறுவனம் நாளை தன் சர்வரை நிறுத்தினால், தங்கள் 14,000 ரூபாய் துணி உலர்த்தும் கிளிப்பாகிவிடும்.

நாகலூர்க் கணக்கர்

மூவருக்கும் நன்றி. பத்து நாள்கள் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

பழுதுநீக்கும் ஐயா சொன்னதுபோல் அடுப்படியில், சூடு பரவிய பிறகு, துளையை விட்டு விலக்கி மடலின் ஓரத்தில் மாட்டினேன். 134 வருவது அடியோடு நின்றுவிட்டது. அலைபேசியில் பேட்டரிச் சிக்கனத்தை நீக்கியதும் இணைப்பு அறுவது நின்றது. என் அலைபேசியில் இருப்பது ஆண்ட்ராய்டு 13. எனவே இருப்பிடம் கேட்பதற்குச் செயலியைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு என்று தெரிகிறது. என்.ஆர்.எஃப். கனெக்டில் இதயத்துடிப்புச் சேவை எதுவும் தெரியவில்லை. பெயரில்லாத நீண்ட எண்கள் மட்டும் வந்தன.

ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. மணிக்கட்டில் எண்ணிக்கொண்டிருந்தபோது, இரண்டு மூன்று முறை நாடியே ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்ததைச் சற்று ஓங்கி அடித்தது. ஒரு முறை அதே நேரத்தில் கருவியும் எண்ணைக் குறைத்துக் காட்டியது. அப்படியென்றால் அது உண்மையைத்தான் சொன்னதா? மற்ற நேரங்களில் பொய் சொன்ன ஒன்று இப்போது உண்மை சொல்கிறது என்று எப்படி நம்புவது?

மறுமொழி 4: அஸ்தம்பட்டி செவிலியர்

அம்மா, இனிக் கிளிப்பைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள். முன்கூட்டியே வரும் துடிப்பில் இதயம் நிறையாமல் சுருங்குவதால், அந்த அலை மணிக்கட்டை எட்டாமலே போகலாம். பிறகு ஓர் இடைவெளி விட்டு, அடுத்த துடிப்பு ஓங்கி வரும். தாங்கள் எழுதியது அதைப் போல இருக்கிறது. நலமாக இருப்பவர்களிடமும் இது பரவலாகக் காணப்படுவதுதான். உறக்கமின்மையும் மன உளைச்சலும் இதைக் கூட்டலாம். சிலருக்குக் காப்பியும் கூட்டும். காப்பித் தோட்டத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வழக்கமான இ.சி.ஜி. ஏறத்தாழ 10 விநாடிகளை மட்டுமே பதிவு செய்கிறது; அதற்குள் இது சிக்காமல் போயிருக்கலாம். 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்ட்டர் சோதனை தேவையா என்று கேளுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அதற்குக்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இத்தகைய துடிப்புகள் இருக்கும் வரை, கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மாறுபாட்டு மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி 5: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. முதலில் விற்பனையாளருக்கு எழுத்து வடிவில் குறையைத் தெரிவித்து, இலைக்கு மதிப்பெண் கொடுத்த திரைப்பிடிப்பையும் இணையுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது சேலத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

நாகலூர்க் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் ஹோல்ட்டர் மாட்டிக்கொண்டு வந்தேன். முன்கூட்டிய துடிப்புகள் இருப்பது உண்மைதான். எண்ணிக்கை குறைவு என்பதால் மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். பயிற்சியைத் தொடரச் சொன்னார். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம் என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான்கு விநாடி இழுத்து, ஆறு விநாடி விடுகிறேன். செயலியோ 'உங்கள் பதினோரு நாள் தொடர்ச்சி முறிந்துவிட்டது' என்று தினமும் வருத்தம் தெரிவிக்கிறது. விற்பனையாளருக்கு இலைப் படத்தோடு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

கொண்டலாம்பட்டி ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆறு மாதம் கழித்துப் பட்டை வாங்கலாம் என்று எண்ணுகிறேன். புடவை கட்டுபவர்கள் அதை எப்படி அணிவது? ரவிக்கைக்கு உள்ளே கட்டினால் இடம் சரியாக இருக்குமா?

கொண்டலாம்பட்டி விசைத்தறி

என் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன், அம்மா. ரவிக்கையின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பின் மேல் படும்படி கட்டிக்கொள்வதாகவும், இறுக்கமான ரவிக்கைக்கு உள்ளே வைத்தால் மூச்சு இழுக்கும்போது பட்டை சுருண்டுவிடுகிறது என்றும் சொல்கிறார். காலையில் நைட்டியோடு செய்தால் அந்தத் தொல்லையும் இல்லையாம். அளவைப் பொறுத்தவரை, வாங்கும் முன் மார்புக்குக் கீழே சுற்றளவு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை இரண்டு அளவுகளில் கிடைக்கிறது.